ஒரு விக்கர்ஸ் துப்பாக்கியும் அதை வளர்க்கும் மனிதரும்

பொழுதுபோக்கு என்றால் நம் வீடுகளில் தபால்தலை, பழைய நாணயம், மாடித் தோட்டம், கொஞ்சம் வசதி இருந்தால் ஒரு பழைய ஜாவா மோட்டார் சைக்கிள். அதற்கு மேல் நாம் போவதில்லை. 2023-ஆம் ஆண்டு கோடையில் நானும் மனைவியும் அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தோம். போன இரண்டாம் நாளே மகள் சொன்னாள்: "அப்பா, பக்கத்து வீட்டுத் தாத்தா மெஷின் கன் வைத்திருக்கிறார். உங்களை மாதிரியே டூல் ரூம் ஆள். போய்ப் பேசுங்கள்."

நான் புனேயில் 34 ஆண்டுகள் இயந்திரக் கருவிகளைச் சோதிக்கும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். துப்பாக்கி என்றால் எனக்குப் பயம்தான். ஆனால் ஆயிரத்தில் ஒரு அங்குலக் கணக்கில் கடைந்த எஃகு என்றால் கால் தானாக நடக்கும். போனேன்.

அவருடைய கராஜில், கார் நிற்க வேண்டிய இடத்தில், முக்காலி மேல் நின்றது அது. பிரிட்டனில் செய்த விக்கர்ஸ் இயந்திரத் துப்பாக்கி. பால் கேனைப் படுக்கவைத்தது போன்ற தடித்த உருளை, பின்னால் இரண்டு மரக் கைப்பிடிகள், பக்கத்தில் துணிப் பட்டை ஒன்று மடிந்து கிடந்தது. நான் ஆசையோடு கையை நீட்டினேன். "தயவுசெய்து தொடாதீர்கள்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அடுத்து அவர் கேட்ட கேள்வி இன்னும் விநோதமாக இருந்தது: "நீங்கள் இங்கே குடியேறியவரா, விசாவில் வந்தவரா?" அதன் காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். நம் பிள்ளைகளில் பலர் அந்த நாட்டில் இருப்பதால், இந்தக் கட்டுரையை எழுதியதே அந்தக் காரணத்துக்காகத்தான்.

முதலில் அந்த இயந்திரத்தைப் பார்ப்போம்.

அமெரிக்காவில் பிறந்து லண்டனில் குடியேறிய ஹைரம் மேக்சிம் 1884-இல் காட்டிய கருவியின் நேர் வாரிசு இது. துப்பாக்கி சுடும்போது தோளை உதைக்கிறது அல்லவா, அந்த உதையை வீணாக்காமல் அடுத்த தோட்டாவை ஏற்றும் வேலைக்குத் திருப்பிவிட்டதுதான் மேக்சிமின் யுக்தி. விக்கர்ஸ் நிறுவனம் பின்னர் மேக்சிமின் கம்பெனியை வாங்கி, கருவியின் எடையைக் குறைத்தது. 1912-இல் பிரிட்டிஷ் ராணுவம் அதை ஏற்றுக்கொண்டது. 1968 வரை அது அங்கே சேவையில் இருந்தது. நம் இந்தியப் படைகளும் இரண்டு உலகப் போர்களிலும் அதைச் சுமந்திருக்கின்றன. சுமந்தது என்பது வெறும் பேச்சில்லை. தண்ணீர் இல்லாமல் துப்பாக்கி மட்டும் சுமார் 15 கிலோ, முக்காலி அதைவிடக் கனம்.

உள்ளே நடப்பதை எளிமையாகச் சொன்னால், மனிதனின் முழங்கால் போன்ற ஒரு மூட்டு. கால் நேராக இருக்கும்போது முன்னாலிருந்து எவ்வளவு தள்ளினாலும் மடங்காது. தோட்டா வெடிக்கும் கணத்தில் மூட்டு நேராக நிற்கிறது. அழுத்தம் பின்னால் வர வழியில்லை. குழலும் பூட்டும் ஒன்றாகச் சிறிது தூரம் பின்வாங்கிய பிறகுதான் மூட்டு மடங்குகிறது. அந்த ஒரே அசைவில் பூட்டு, சுட்ட குப்பியைக் குழலிலிருந்தும் புதுத் தோட்டாவைப் பட்டையிலிருந்தும் ஒருசேர இழுக்கிறது. இடப்பக்கப் பெட்டியில் இருக்கும் நீண்ட சுருள்வில் எல்லாவற்றையும் மறுபடி முன்னால் இழுத்துவிடுகிறது. நிமிடத்துக்கு 450 முதல் 500 முறை இது நடக்கும். தையல் மெஷினின் ஊசியும் துணியை நகர்த்தும் பல்லும் எப்படி ஒன்றுக்கொன்று காத்திருந்து வேலை செய்கின்றனவோ, அப்படி.

இந்த வேகத்தில் குழல் காய்ந்து சிவந்துவிடும். அதனால்தான் அந்தப் பால் கேன். அதில் சுமார் 4 லிட்டர் தண்ணீர். சில நூறு தோட்டாக்கள் இடைவிடாமல் சுட்டால் தண்ணீர் கொதிக்கத் தொடங்கும். நீராவி ஒரு ரப்பர்க் குழாய் வழியாகப் பக்கத்தில் இருக்கும் தகர டப்பாவுக்குப் போய்க் குளிர்ந்து மறுபடி தண்ணீராகும். நீராவி மேலே எழும்பினால் எதிரி இடத்தைக் கண்டுகொள்வான் என்பதும், போர்க்களத்தில் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்பதும் காரணங்கள்.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. குழல் முன்னும் பின்னும் ஓட வேண்டும். தண்ணீர் ஒழுகவும் கூடாது. நம் வீட்டுக் குழாயில் திருகும் தண்டைச் சுற்றி பிளம்பர் கயிறு வைத்து இறுக்குகிறாரே, அதே வைத்தியம்தான். அந்தக் காலத்தில் எண்ணெயில் ஊறிய ஆஸ்பெஸ்டாஸ் நூல் சுற்றினார்கள். இறுக்கிச் சுற்றினால் குழல் ஓடாது, துப்பாக்கி நின்றுவிடும். தளர்த்திச் சுற்றினால் முழங்கையில் வெந்நீர் சொட்டும். பெரியவர் இந்தப் பாடத்தைக் கற்க இரண்டு வருடம் ஆனதாம். ஆஸ்பெஸ்டாஸ் தூசி நுரையீரலுக்கு எமன் என்பதால், பழைய நூலை நனைத்து, முகமூடி போட்டு எடுத்துவிட்டு, இப்போது கிராஃபைட் ஏறிய கயிறு வைக்கிறார்.

சுடும் நேரமும் துடைக்கும் நேரமும்

"வருஷத்தில் எத்தனை நேரம் சுடுவீர்கள்?" என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணினார். "பத்து நிமிஷம் இருக்கும்." விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். கணக்குப் போட்டால் சரியாகத்தான் வருகிறது. ஒரு பட்டையில் 250 தோட்டா. அரை நிமிடத்தில் தீர்ந்துவிடும். அந்த .303 தோட்டா ஒன்று இன்றைக்கு ஒரு டாலருக்கு மேல். அரை நிமிடச் சத்தத்துக்கு நம் பணத்தில் இருபதாயிரம் ரூபாய்க்குக் குறையாது! அதனால் இத்தகையவர்கள் பலர் சுட்ட குப்பிகளைப் பொறுக்கிச் சேர்த்து, வீட்டிலேயே கைப்பிரஸ் வைத்து மறுபடி நிரப்பிக்கொள்கிறார்கள்.

மற்ற நாளெல்லாம் துடைப்பதும் அளப்பதும்தான். நான் பார்த்த சில வேலைகளைச் சொல்கிறேன்.

துணிப் பட்டை முதலில். நெய்த பருத்தி நாடா, நடுவே பித்தளைத் துண்டுகள். மழைக்காலத்தில் ஈரம் ஏறினால் துணி உப்பி, தோட்டா வெளியே வராது. மிகவும் காய்ந்து தளர்ந்தாலோ தோட்டா நழுவிக் கோணலாகும். எலிக்கும் பூஞ்சைக்கும் அது பிடித்த உணவு. பெரியவர் பட்டைகளைத் தகரப் பெட்டியில் போட்டு, ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள் வைத்திருக்கிறார். நம் அம்மாக்கள் பட்டுப்புடவை வைத்த பெட்டி ஞாபகம் வந்தது. அந்துருண்டை மட்டும்தான் இல்லை.

அடுத்து, பூட்டுக்கும் குழலின் பின்வாய்க்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி. இதைப் பெரியவர் எனக்குப் பாதி நாள் விளக்கினார், விளக்கத் தக்கதுதான். தோட்டாவின் குப்பி மெல்லிய பித்தளை. வெடிக்கும்போது அது ஊதிப் பெருகுகிறது. எஃகுச் சுவர் நாலு பக்கமும் தாங்கினால்தான் கிழியாமல் இருக்கும். பின்னால் சற்று இடம் அதிகமாக இருந்துவிட்டால் குப்பி நடுவில் இரண்டாக அறுந்து, முன்பாதி குழலுக்குள்ளேயே தங்கிவிடும். அடுத்த தோட்டா வந்து அதன் மேல் மோதும். உலோகம் தேயத் தேய இந்த இடைவெளி வளரும். விக்கர்ஸில் இதைச் சரிசெய்ய, மூட்டை இணைக்கும் தண்டில் மெல்லிய வாஷர்கள் போடுகிறார்கள். எந்தக் கனத்தில் எத்தனை வாஷர் என்று ஒவ்வொரு முறையும் நோட்டில் எழுதிவைக்கிறார். நானும் வேலைக்காலம் முழுவதும் இப்படிப்பட்ட நோட்டு எழுதியவன். அந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் மனிதர்மேல் நம்பிக்கை வந்தது.

சுருள்வில்லின் இழுவிசையைச் சிறு ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்துப் பார்க்கிறார். பழைய பேப்பர் வாங்குகிறவர் கையில் இருப்பது போன்ற தராசுதான். ராணுவமே உதிரிப்பாகப் பெட்டியில் அதைச் சேர்த்துக் கொடுத்ததாம்.

எனக்கு மிகவும் பிடித்தது வலப்பக்கக் கைப்பிடி. சுடும்போது அது முன்னும் பின்னும் ஆடும். துப்பாக்கி இடையில் நின்றுபோனால், கைப்பிடி எந்த நிலையில் நிற்கிறது என்று பார்த்தே கோளாறு எங்கே என்று சொல்லிவிடலாம். நாலு நிலை, நாலு வகைக் கோளாறு. சிப்பாய்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு, கைப்பிடியைத் தடவிப் பார்த்துச் சொல்லும்வரை பழகினார்களாம். இன்று வரும் வாஷிங் மெஷின் எழுத்தும் எண்ணும் காட்டிவிட்டு "மெக்கானிக்கைக் கூப்பிடு" என்கிறது. நூறு வருடத்துக்கு முந்தைய இந்தக் கருவி, நோய் இங்கே என்று கையைப் பிடித்துக் காட்டுகிறது.

வெந்நீர்ப் பாடம்

சனிக்கிழமை ஒன்றில் அவருடைய நண்பரின் பண்ணையில் சுட்டார்கள். நான் நாற்பது அடி பின்னால், காதில் அடைப்பானோடு நாற்காலியில். ஒன்றரைப் பட்டை. அவ்வளவுதான். வீடு திரும்பியதும் அவர் எண்ணெய்க் குப்பியைத் தேடுவார் என்று நினைத்தேன். கெட்டிலில் தண்ணீர் கொதிக்கவைத்தார்! புனலை வைத்துக் குழலுக்குள் வெந்நீர் ஊற்றினார்.

இதன் காரணத்தை வீட்டுப் பிள்ளைகளுக்கு வேதியியல் பாடமாகவே சொல்லலாம். தோட்டாவின் அடியில், ஊசி தட்டும் இடத்தில் பிரைமர் என்ற சிறு வெடி இருக்கிறது. பழைய ராணுவத் தோட்டாக்களின் பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது வெடித்தபின் மிஞ்சுவது பொட்டாசியம் குளோரைடு. சாப்பாட்டு உப்பின் தம்பி. இந்த உப்பு குழல் முழுக்கப் படிந்து, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து, ஒரே இரவில் எஃகைத் துருப்பிடிக்க வைக்கும். சென்னைக் கடற்கரை வீடுகளின் ஜன்னல் கம்பியைப் பார்த்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை. எண்ணெயில் உப்பு கரையாது. எண்ணெய் மட்டும் போட்டால் உப்பின் மேல் போர்வை போர்த்தியது போலத்தான், அடியில் துரு தன் வேலையைச் செய்யும். தண்ணீரில்தான் உப்பு கரையும். வெந்நீர் என்றால் கரைவதும் சீக்கிரம், குழல் சூடேறி ஈரம் உலர்வதும் சீக்கிரம். அதன் பிறகுதான் எண்ணெய். புதுத் தோட்டாக்களில் இந்த உப்பு இல்லை. அன்று அவர் பழைய சரக்கு கொஞ்சம் கலந்து சுட்டிருந்தார்.

தண்ணீர்க் கேனையும் திறந்து வடித்துவிட வேண்டும். மறந்தால் உள்ளே துரு. குளிர்காலமாக இருந்தால் பனிக்கட்டி உப்பி உருளையே வெடிக்கும். போர்க்காலத்தில் குளிர்ப் பிரதேசங்களில் தண்ணீரோடு கிளிசரின் கலந்தார்களாம்.

காகிதத்தின் கனம்

இரும்பின் கனத்தைச் சொன்னேன். காகிதத்தின் கனம் அதைவிட அதிகம். அமெரிக்காவில் துப்பாக்கி கடையில் அரிசி போலக் கிடைக்கும் என்று நாம் நினைக்கிறோம். சாதாரணத் துப்பாக்கிக்கு அது ஓரளவு உண்மை. இயந்திரத் துப்பாக்கியின் கதை வேறு. சிகாகோ கும்பல்களின் அட்டகாசத்துக்குப் பிறகு, 1934-இல் தேசியத் துப்பாக்கிச் சட்டம் வந்தது. ஒவ்வொரு இயந்திரத் துப்பாக்கியும் மத்திய அரசில் பதிவாக வேண்டும். கைமாறும் ஒவ்வொரு முறையும் 200 டாலர் வரி. அன்றைக்கு அது மலைக்க வைக்கும் தொகை. இயந்திரத் துப்பாக்கிக்கு அந்தத் தொகை இன்றும் மாறவில்லை. விரல்ரேகை, புகைப்படம், பின்னணி விசாரணை, அதன் பிறகு அனுமதி வரும்வரை காத்திருப்பு. சில மாநிலங்களில் இதற்கும் இடமில்லை. வேறு மாநிலத்துக்கு எடுத்துப் போக வேண்டுமானால் முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும்.

1986 மே 19-ஆம் தேதி அடுத்த கதவும் மூடியது. அன்றைக்குப் பதிவில் இருந்தவை மட்டுமே தனியாரிடையே கைமாறலாம். புதிதாக ஒன்றும் சேராது. அப்படிக் கைமாறத் தக்கவை நாடு முழுவதும் சுமார் ஒன்றே முக்கால் லட்சம் என்கிறார்கள். சரக்கு கூடாது, ஆசை மட்டும் கூடும் என்றால் விலை என்ன ஆகும்? பெரியவர் 1980-களின் தொடக்கத்தில் சில ஆயிரம் டாலருக்கு வாங்கியது, இன்று இருபதாயிரம் டாலருக்கு மேல் போகும். குழல், பூட்டு, வில் எல்லாம் மாற்றலாம். பதிவு எண் உள்ள வலப்பக்கத் தகடுதான் சட்டத்தின் கண்ணில் துப்பாக்கி. அது போனால் இன்னொன்றைப் பதிவு செய்ய வழியில்லை. அவர் அந்தத் தகட்டை மட்டும் குழந்தையின் நெற்றியைத் துடைப்பதுபோலத் துடைப்பார்.

போரிலிருந்து தாத்தா கொண்டுவந்து பரணில் வைத்த துப்பாக்கி பதிவில்லாமல் கிடைத்தால், இப்போது அதைச் சட்டப்படி ஆக்க முடியாது, ஒப்படைக்கத்தான் வேண்டும். 1968-இல் ஒரு மாதம் பொது மன்னிப்புக் கொடுத்தார்கள். அப்போது தவறவிட்டவர் தவறவிட்டவர்தான்.

இனி அந்த "தொடாதீர்கள்" விஷயம். அமெரிக்காவில் 1998 முதல் உள்ள சட்டப்படி, குடியேறாத விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ கையில் வைத்திருப்பது பொதுவாகக் குற்றம். என்னைப் போல் பார்க்கப் போனவர்கள் மட்டுமல்ல, மாணவர் விசா, எச்-1பி வேலை விசா எல்லாம் இதில் அடங்கும். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. மாநில அரசின் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. விலக்கு இல்லாதவர், வாடகைத் துப்பாக்கி கொடுக்கும் சுடுகளத்தில் நண்பர்களோடு ஒரு மணி நேரம் சுட்டாலும் அதுவும் வைத்திருந்ததாகவே கொள்ளப்படும். தண்டனை பதினைந்து ஆண்டு சிறை வரை போகலாம். அதோடு நாட்டை விட்டு அனுப்பப்படும் ஆபத்தும் உண்டு. நான் இதை வீட்டில் சொன்னபோது மாப்பிள்ளை முகம் மாறியது. அடுத்த வாரம் அலுவலக நண்பர்களோடு அப்படி ஓர் இடத்துக்குப் போவதாக இருந்தாராம். அவர் எச்-1பி விசாவில் இருப்பவர். "யாருமே சொல்லவில்லையே மாமா" என்றார். நம் சங்கத்தில் பிள்ளைகளை அங்கே அனுப்பியிருக்கும் பெற்றோர், இந்தப் பத்தியை மட்டுமாவது அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

நம் நாட்டில் பேச்சுக்கே இடமில்லை. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் இயந்திரத் துப்பாக்கி தடை செய்யப்பட்ட ஆயுதம். மத்திய அரசின் தனி அனுமதி இல்லாமல் வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது ஏழு ஆண்டு சிறை.

ஒருநாள் மாலை பெரியவரிடம் மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டேன். 1904-இல் திபெத்தில் குரு என்ற இடத்தில், பழைய நாட்டுத் துப்பாக்கியும் வாளும் வைத்திருந்த திபெத்தியர் சில நூறு பேரை வீழ்த்தியதில் பிரிட்டிஷாரின் மேக்சிம்களுக்குப் பங்கு உண்டு. 1919-இல் ஜாலியன்வாலா பாக்குக்கு டயர் இயந்திரத் துப்பாக்கி பொருத்திய இரண்டு கவச வண்டிகளோடுதான் போனார். சந்து குறுகல் என்பதால் அவை உள்ளே நுழையவில்லை. நுழைந்திருந்தால் அநேகமாகப் பயன்படுத்தியிருப்பேன் என்று விசாரணைக் குழு முன் அவரே ஒப்புக்கொண்டார். "இதையெல்லாம் தெரிந்துதான் இதற்கு எண்ணெய் போடுகிறீர்களா?" என்றேன். அவர் ஜாலியன்வாலா பாக் பற்றிக் கேள்விப்பட்டதில்லை. பெயரை எழுதித் தரச் சொன்னார், தந்தேன். இரண்டு நாள் கழித்து, படித்துவிட்டதாகச் சொன்னார். வேறெதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவர் தன் இயந்திரத்தை நேசிக்கும் விதத்தில் எனக்குக் குறை தெரியவில்லை. ஆனாலும் அது எதற்காகச் செய்யப்பட்டதோ அதை மறந்துவிட்டு, வெறும் கடிகாரம் போல அதை ரசிக்க என்னால் முடியவில்லை.

கிளம்புவதற்கு முன்தினம் என்னைக் கூப்பிட்டு, ஒரு காலிக் குப்பியை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். அடிப்பக்கத்தைப் பூதக்கண்ணாடியில் பார்க்கச் சொன்னார். கே, எஃப் என்று இரண்டு எழுத்து, பக்கத்தில் 43. "இது எங்கே செய்தது தெரியுமா?" என்றார். தெரியாமலா? கே எஃப் என்றால் கிர்க்கி தொழிற்சாலை. நம் கட்கி! 1869-இல் தொடங்கிய வெடிமருந்துத் தொழிற்சாலை. என் வீட்டிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம். போருக்குப் பின் மிஞ்சிய சரக்காக அமெரிக்காவுக்குப் போயிருக்கிறது. இப்போதெல்லாம் அந்தப் பழைய தோட்டாக்களை அவர் சுடுவதில்லை. விசையை அழுத்திச் சற்றுத் தாமதித்து வெடிப்பது உண்டாம், ஓடும் இயந்திரத்தில் அது ஆபத்து.

அந்தக் குப்பியை எனக்குத் தர அவருக்கு ஆசை. ஆனால் தோட்டா என்ற சொல்லுக்குள் காலிக் குப்பியும் அடங்கும் என்று அவர்கள் சட்டம் சொல்கிறது. என் கையில் அது வரக் கூடாது. நம் விமான நிலையத்தில் பெட்டியில் ஒரு தோட்டா அகப்பட்டுப் போலீஸ் நிலையம் வரை போனவர்களின் செய்தி அடிக்கடி பத்திரிகையில் வருகிறது. அதனால் அவரே ஒரு வெள்ளைத் தாளைக் குப்பியின் அடியில் வைத்து, பென்சிலால் தேய்த்து அச்செடுத்துக் கொடுத்தார். பள்ளியில் நாம் காசை வைத்துத் தேய்ப்போமே, அது போல.

புனே திரும்பியதும் அதைச் சங்க நண்பர் ஒருவரிடம் காட்டினேன். அவருடைய தந்தை வட ஆற்காட்டிலிருந்து வந்து, போர்க்காலத்தில் அந்தத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தவர். தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "43-இல் அப்பாவுக்கு ராத்திரி ஷிப்ட் சார். அம்மா சொல்வாள்" என்றார். தாளை அவரிடமே கொடுத்துவிட்டேன். ஜெராக்ஸ் ஒன்று என்னிடம் இருக்கிறது; பார்க்க விரும்பும் அன்பர்களுக்காக அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டுவருகிறேன்.